உப்புக் காணுமோ

மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் நித்தியானந்தன் வானொலியில் பேசி முடித்தால், மெல்பேர்னின் கிழக்குப் பக்கத்துத் தமிழ் வீடுகள் சிலவற்றில் அன்றைய மத்தியானச் சமையலே மாறிவிடும். பத்து நிமிட நிகழ்ச்சிதான். அந்த மாதம் வெளியே சாப்பிட்டதில் பிடித்த கடை ஒன்று, வீட்டுச் சமையலில் பிடித்த கறி ஒன்று, பார்த்ததில் பிடித்த படம் ஒன்று. சமூக வானொலியில் எல்லாரும் தொண்டர்கள், அவனும் அப்படித்தான். பிழைப்புக்கு நகரசபையில் வேலை. எந்தச் சந்தியில் சிவப்பு எவ்வளவு நேரம், பச்சை எவ்வளவு நேரம் என்று தீர்மானிக்கிற பிரிவு. அந்த வேலையைப் பற்றி யாரும் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கோயிலில், பிறந்தநாள் வீடுகளில், மரக்கறிக் கடை வரிசையில் எல்லாம் சாப்பாட்டுப் பேச்சுதான். "நித்தி அண்ணை, போன மாசம் சொன்ன வியட்நாம் கடைக்குப் போனனாங்கள். நீங்கள் சொன்ன சூப்பைத்தான் குடிச்சனாங்கள். அருமை!" என்பார்கள். அவனுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அவனுக்குச் சாப்பாடு என்றால் பேச்சு நின்றுவிடும். வாய்க்குள் வைத்த முதல் கவளத்தோடு கண்ணை மூடுவான். பிறகுதான் உலகம்.

கடைகளைக் கண்டுபிடிப்பது அவன்; படங்களைத் தேர்ந்தெடுப்பது அவனும் மனைவி யோகாவும் சேர்ந்து, வெள்ளிக்கிழமை இரவுகளில், ரோவில் என்ற புறநகரில் அவர்கள் வீட்டின் பின்கூடத்தில் போர்வையைப் போர்த்துக்கொண்டு. ஆனால் வீட்டுக்கறி எப்போதும் யோகாவின் கறிதான். அவள் பிள்ளைகள் காப்பகத்தில் ஆசிரியை. நாள் முழுக்க மற்றவர்களின் குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு வந்து, சப்பாத்தைக் கழற்றிய கையோடு குசினிக்குள் போவாள். அவள் கையால் கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தால், கத்தரிக்காய் உடையாமலே நாக்கில் கரையும். இறால் பிரட்டலுக்கு என்று அவளே மிளகாயும் மல்லியும் வறுத்து அரைத்து வைத்திருப்பாள். வானொலியில் அவன் "எங்கட வீட்டில இந்த மாசம்…" என்று தொடங்கும்போது அவள் வீட்டிலிருந்து கேட்டுச் சிரிப்பாள். "ஏதோ நீங்கள் அடுப்படியில நிண்ட மாதிரியெல்லோ கதைக்கிறீங்கள்."

போன வருடம் மாரி தொடங்கும்போது யோகாவின் தொண்டையில் வலி வந்தது. தடிமன், சளி என்று நினைத்தார்கள். அடிநாக்கில் கட்டி என்றார் வைத்தியர். கட்டியைக் கதிர்வீச்சால் கரைத்துவிடலாம், குணமாகும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது, ஆனால் எச்சில் வறண்டுவிடும், ருசி போய்விடும் என்று அவர் மெதுவாகச் சொன்னார். ருசி பெரும்பாலும் திரும்பி வரும். எப்போது, எவ்வளவு என்று சொல்ல முடியாது.

நித்தியானந்தன் அப்போது யோகாவின் கையைப் பிடித்திருந்தான். உயிர் தப்பும் என்று கேட்டவுடன் வந்த ஆறுதலுக்கு அடுத்தபடியாக அவனுக்குள் எழுந்தது, 'இனி யார் சமைப்பது' என்ற நினைப்பு. அந்த நினைப்பு வந்ததற்காக அவன் பல நாள் தன்னையே வெறுத்தான்.

சிகிச்சை நாட்களில் வீட்டில் குழம்பு கொதிக்கவில்லை. மணம் பட்டாலே யோகாவுக்குக் குமட்டியது. அவள் நீர்க்கஞ்சியைக் கரண்டி கரண்டியாக, வலியில் கண்ணீர் வழிய விழுங்குவாள். அவன் குசினிக்குள் நின்றபடியே பாண் ரொட்டியை வெறுமையாகத் தின்றுவிட்டு வேலைக்குப் போவான். நிகழ்ச்சியை நிறுத்திவிடுகிறேன் என்று வானொலியை நடத்துகிற சிறிதரனிடம் சொல்லத் தயாரானபோது யோகா தடுத்தாள்.

"நிப்பாட்டாதேங்கோ. நிப்பாட்டினா சனம் எனக்கு என்னவோ ஏதோ எண்டு நினைக்கும்."

ஆகவே பேசினான். எப்போதோ போன கடைகளை நேற்றுப் போனதுபோலச் சொன்னான். வெள்ளிக்கிழமைப் படங்கள் மட்டும் தொடர்ந்தன. அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. எந்தப் படத்தைப் போட்டாலும் யாராவது எதையாவது சாப்பிட்டார்கள். அடிதடிப் படத்தில்கூட ஒருவன் தேநீரில் பணிஸ் தோய்த்துத் தின்றான். நித்தியானந்தன் ரிமோட்டைக் கையிலேயே வைத்திருந்து, தட்டு தெரிந்தவுடன் படத்தை முன்னுக்கு ஓடவிட்டான். அப்படி ஓடவிட்டுப் பார்த்த ஒரு கப்பல் படத்தின் கதையை வானொலியிலும் சொன்னான்.

ஒரு வியாழக்கிழமை, கதிர்வீச்சு முடிந்ததும் உணவு ஆலோசகரைச் சந்திக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். யோகாதான் அவனை அனுப்பினாள்.

"நீங்கள் இஞ்ச குந்தியிருந்து என்ன செய்யப் போறீங்கள்? எங்கயாவது போட்டு வாங்கோ. முடிய ஃபோன் எடுக்கிறன்."

அவன் காரை எடுத்தான். எங்கே போவது என்று தீர்மானிக்கவில்லை என்றுதான் பிறகு தனக்குச் சொல்லிக்கொண்டான். ஆனால் கார் நேராக நோபல் பார்க்கில், சுஜீதனின் சாப்பாட்டுக் கடை வாசலில் நின்றது. வியாழக்கிழமைகளில் சுஜீதன் நண்டுக்கறி வைப்பான் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. முருங்கையிலை போட்டு, குழம்பு தடித்து, ஓட்டுக்குள் சிவப்பாகச் சினை நிறைந்த நண்டு. வாரக்கணக்காகப் பாணைத் தின்ற வாய். இரண்டு கைகளாலும் இறங்கினான்.

பாதியில் தொலைபேசி அடித்தது. மேசையில், தண்ணீர்க் குவளைக்குப் பக்கத்தில், திரையில் யோகாவின் பெயர். அவன் விரல்கள் பத்திலும் குழம்பு. ஒரு கொடுக்கை அப்போதுதான் உடைத்திருந்தான். 'இதை முடித்துவிட்டு எடுப்போம்.' மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அவன் கொடுக்குக்குள் இருந்த சதையை உறிஞ்சினான். அது நல்ல ருசியாக இருந்தது என்பதை அவனால் பிறகு ஒருபோதும் மறுக்க முடியவில்லை.

கை கழுவிவிட்டுத் திருப்பி எடுத்தபோது அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை.

உணவு ஆலோசகர் அன்று வரவில்லை. யோகா நேரத்தோடு வெளியே வந்து, குளிர்காற்றில் வாசலில் கிடந்த வாங்கில் உட்கார்ந்து அவனுக்காகக் காத்திருந்திருக்கிறாள். உடம்பில் நீர் இல்லை. எழுந்தபோது தலை சுற்றி விழுந்துவிட்டாள். அவன் போய்ச் சேர்ந்தபோது அவளைக் கட்டிலில் கிடத்திச் சேலைன் ஏற்றியிருந்தார்கள். நெற்றியில் ஒரு சிராய்ப்பு.

"எங்க நிண்டனீங்கள்?"

"மொனாஷ் ரோட்டில சரியான ட்ராஃபிக், யோகா."

போக்குவரத்து விளக்குகளோடு வாழ்கிறவனுக்கு அந்த நேரத்தில் கைக்கு வந்த பொய் அதுதான். யோகா அவன் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். நம்பிவிட்டாள் என்று நினைத்தான். நம்பியது அவனை இன்னும் கூடக் குத்தியது.

வசந்தம் வந்தபோது கட்டி போய்விட்டது என்று வைத்தியர்கள் சொன்னார்கள். தொண்டை மெல்ல ஆறியது. சோறு குழைந்திருந்தால் விழுங்க முடிந்தது. மணம் பட்டால் வருகிற குமட்டலும் நின்றது. ஆனால் எதை வாயில் வைத்தாலும் கடதாசியைச் சப்பின மாதிரி இருக்கிறது என்றாள். அப்படியிருந்தும் ஒரு நாள் மாலை நித்தியானந்தன் வேலையால் வந்தபோது வீட்டில் கறிவேப்பிலை தாளித்த வாசம். யோகா அடுப்படியில் நின்றாள்.

"மூக்கு வேலை செய்யுது தானே," என்றாள். "மணத்தைப் பிடிச்சுப் பிடிச்சே வைச்சிட்டன். உப்புக்குத்தான் மணம் இல்லை. இஞ்ச வாங்கோ, உப்புக் காணுமோ எண்டு பாருங்கோ."

சொதி. மஞ்சளாக, அழகாக இருந்தது. அகப்பையிலிருந்து உள்ளங்கையில் விட்டு நக்கினான். கடல்தண்ணீர்! தொண்டை இழுத்துப் பிடித்தது. நிமிர்ந்து பார்த்தான். மெலிந்துபோன முகத்தில் கண்கள் மட்டும் பெரிதாகி, அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காணும்," என்றான். "அளவா இருக்கு."

அவள் சிரித்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காக ஒரு கோப்பை சொதியையும் குடித்தான்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். மறுநாளாவது சொல்லியிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் அவன் முன்னால் அந்த வாங்கும் நெற்றிச் சிராய்ப்பும் வந்து நின்றன. அவள் விழுந்து கிடந்தபோது நண்டு தின்ற வாய், இப்போது உப்புக் கூடிப்போச்சு என்று சொல்வதா? தின்னட்டும், இந்தத் தண்டனையாவது கிடைக்கட்டும் என்று இருந்தான். அவளோ அவன் சொன்னதை அளவாக வைத்துக்கொண்டாள். அந்த அளவிலிருந்து கை இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று கூடியது. அவன் இரவில் போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடித்தான். குடும்ப வைத்தியர் இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதே என்று கேட்டபோது, "வெளிச்சாப்பாடு கூடிப்போச்சு டொக்டர்," என்றான்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கார்த்திகை மாதத்து நிகழ்ச்சியில், "எங்கட வீட்டில திரும்பவும் அடுப்பு எரியுது. இறால் பிரட்டல். கை கொஞ்சமும் மாறேல்ல," என்று சொல்லிவிட்டான். கேட்டவர்கள் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள். அன்று முழுக்க யோகாவுக்குத் தொலைபேசி. ஒவ்வொருவரிடமும் "ஓம், ஓம், இப்ப சமைக்கிறன்" என்று சொல்லி அவள் அழுதாள். அவன் தோட்டத்தில் போய் நின்றுகொண்டான்.

வருட முடிவில் வானொலித் தொண்டர்கள் கிளென் வேவர்லியில் சிறிதரன் வீட்டில் கூடுவது வழக்கம். ஆளுக்கொரு கறி கொண்டுவருவார்கள்.

"நான் இறால் பிரட்டலும் கத்தரிக்காய்ப் பால்கறியும் கொண்டுபோறன்," என்றாள் யோகா.

"உனக்குக் களைப்பு. கடையில வாங்குவம்."

"கடையில வாங்கிறதுக்கோ நீங்கள் ரேடியோவில அப்பிடிச் சொன்னனீங்கள்?"

சிட்னியில் வேலை செய்கிற மகள் ராகவியும் அதற்கென்று வந்திருந்தாள். காலையிலிருந்து யோகா சமைத்தாள். இரண்டு முறை அவனைக் கூப்பிட்டு உப்புப் பார்க்கச் சொன்னாள். இரண்டு முறையும் காணும் என்றான். அவள் குளிக்கப் போன நேரத்தில் தேங்காய்ப்பால் டின் ஒன்றை உடைத்துப் பிரட்டலுக்குள் ஊற்றிவிடலாமா என்று கையில் எடுத்துக்கொண்டு நின்றான். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. டின்னைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தான்.

சிறிதரன் வீட்டில் எல்லாரும் முதலில் யோகாவின் சட்டியைத்தான் திறந்தார்கள். வானொலியில் கேட்டிருந்தார்கள் அல்லவா? தட்டு நிறையப் போட்டுக்கொண்டார்கள். பிறகு பேச்சு குறைந்தது. சிறிதரனின் மனைவி பார்கவி தண்ணீர்ச் சாடியை நிரப்பிக் கொண்டுவந்து வைத்தாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. எல்லாரும் நல்ல மனிதர்கள். ஆனால் இறாலைச் சோற்றுக்கடியில் ஒதுக்கினார்கள். யோகாவுக்கு நாக்குத்தான் இல்லை. தன் கறியை மனிதர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள் என்று முப்பது வருடமாகப் பார்த்த கண் இருந்தது. அவள் தட்டுத் தட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அம்மா, இட்ஸ் ரியலி சால்ட்டி," என்றாள் ராகவி மெதுவாக. பிறகு தகப்பனைப் பார்த்தாள். "அப்பா, யூ டேஸ்டட் இட், ரைட்?"

நித்தியானந்தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

யோகா அவனையே பார்த்தாள். விளங்குவதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை. பிறகு எல்லாப் பக்கமும் திரும்பிச் சிரித்தாள். "எனக்கு இப்ப நாக்கு இல்லைத்தானே. கையும் பிழைச்சுப்போச்சு. குறை நினையாதேங்கோ," என்று சொல்லிச் சட்டியை மூடினாள்.

திரும்பும்போது ராகவி சிநேகிதியோடு போய்விட்டாள். காருக்குள் இருவரும்தான்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டாள் யோகா.

"முதல் நாளில இருந்து."

"அந்தச் சொதியும்?"

"ஓம்."

இரண்டு சந்திகள் கடந்தன. அவன் காரை ஓரமாக நிறுத்தினான். சொல்வதென்றால் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

"யோகா, அண்டைக்கு ஆஸ்பத்திரியில… மொனாஷில ட்ராஃபிக் இருக்கேல்ல."

"தெரியும். நண்டு."

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான்.

"உங்கட கையைப் பிடிச்சு மணந்து பாத்தனான். என்ன சவுக்காரம் போட்டாலும் நண்டு மணம் போகுமோ?"

"ஏன் ஒண்டும் சொல்லேல்ல?"

"என்ன சொல்லுறது? கோபம் வந்ததுதான். அழுதனான்தான். ஆனா நான் வருத்தக்காரி எண்டு நீங்களும் பட்டினி கிடக்கிறதோ? பசிச்சது, சாப்பிட்டீங்கள். அதை அண்டைக்கே விட்டுட்டன்." அவள் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்து, வறண்ட வாயை நனைத்துக்கொண்டாள். "இதைத்தான் என்னால விடேலாமல் இருக்கு. உங்கட நாக்கை நம்பித்தானே நான் அடுப்படிக்கே திரும்பிப் போனனான். கூட எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அடுத்த நாள் குறைச்சிருப்பன். பாவம் எண்டு நினைச்சு எல்லாத்துக்கும் தலையாட்டினா நான் எதை வைச்சுத் திருத்திறது?"

"நீ சிரிச்சாய், யோகா. அதுதான்…"

"என்னைச் சிரிக்க வைச்சிட்டு ஊருக்கு முன்னால கொண்டுபோய் நிப்பாட்டியிருக்கிறீங்கள்."

அவள் இன்னும் முடிக்கவில்லை.

"படத்தையும் அப்பிடித்தான் செய்யிறீங்கள். ஆக்கள் சாப்பிடுற இடமெல்லாம் ஓட விடுறீங்கள். அந்தக் கப்பல் படத்தில கிழவன் ஏன் அழுதவன் எண்டு எனக்கு இண்டைக்கு வரைக்கும் விளங்கேல்ல."

வேறு நாளென்றால் இருவரும் சிரித்திருப்பார்கள்.

அதன் பிறகு பல நாட்கள் யோகா சமைக்கவில்லை. கோபத்தில் கதவை அடிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை; பேசினாள், சிரித்தாள்கூட. குசினிக்குள் மட்டும் போகவில்லை. நித்தியானந்தன் பருப்பு அவித்தான், அடிப்பிடித்தது. அடுத்த மாதத்து முதல் சனிக்கிழமை வானொலிக்குப் புறப்படும்போது, "இண்டைக்குச் சனத்துக்கு உண்மையைச் சொல்லப்போறன்," என்றான்.

"என்னத்தை? உங்கட மனம் ஆறுறதுக்கு என்ர குசினியைத் தெருவுக்கு இழுக்காதேங்கோ. போய்ச் சுஜீதன்ர கடையைப் பற்றிச் சொல்லுங்கோ. நல்லாத்தானே சமைக்கிறான்."

அவள் அதைக் குத்திச் சொன்னாளா, உண்மையாகவே சொன்னாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. சுஜீதனின் கடையைப் பற்றிச் சொன்னான். "வீட்டுக்கறி இந்த மாசம் இல்லை," என்று ஒரு வரியில் முடித்தான். படத்துக்கு, முந்தின இரவு இருவரும் ஓடவிடாமல் முழுக்கப் பார்த்த அந்தக் கப்பல் படத்தையே மறுபடி எடுத்துக்கொண்டான். முன்பு தான் கதையைப் பிழையாகச் சொல்லியிருந்ததாகவும், கிழவன் அழுவது தனியாளான பிறகும் பழக்கதோஷத்தில் இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டதால் என்றும் சொன்னான்.

தை மாத வெக்கையில் ஒரு நாள் குசினியிலிருந்து அவள் கூப்பிட்டாள். "இஞ்ச வாங்கோ."

பருப்பு. அகப்பையை நீட்டினாள். அவன் வாயில் வைத்தான். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"கூட."

அவள் முகம் ஒரு கணம் விழுந்தது. அதைப் பார்ப்பது எவ்வளவு கடினமோ, அதைத்தான் அவன் இத்தனை மாதமும் செய்யாமல் ஓடியிருந்தான். அவள் வெந்நீர் விட்டாள். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

மறுபடி விட்டாள். "இப்ப?"

"இப்ப காணும்."

"உண்மையாவோ?"

"உண்மையா."

தலையை ஆட்டினாள். ஆனாலும் ஒரு சின்னப் பாத்திரத்தில் கொஞ்சம் ஊற்றி, பார்கவிக்குக் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள்; பார்கவி என்ன சொன்னாள் என்று பிறகு தானே தொலைபேசியில் கேட்டாள். பல வாரங்கள் அப்படித்தான் நடந்தது. தன் சொல்லைச் சரிபார்க்கக் கிளென் வேவர்லி வரைக்கும் தானே பாத்திரத்தைக் காவிக்கொண்டு போனான். ஒரு நாளும் முணுமுணுக்கவில்லை. சிவப்பு விளக்குகளில் அந்தப் பாத்திரம் பக்கத்து இருக்கையில் சூடாக இருக்கும்.

மழைக்காலம் மறுபடி நெருங்கியபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, யோகா தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தலைத் திறந்து, மணந்து பார்த்து, சும்மா ஒரு துண்டை வாயில் போட்டாள். அவள் கண் சுருங்கியது. தோள் குலுங்கியது.

"புளிக்குது," என்றாள். "நித்தி, புளிக்குதப்பா!"

இன்னொரு துண்டை எடுத்தாள். அவளால் நம்ப முடியவில்லை. போத்தலை அவனிடம் நீட்டி, "சாப்பிட்டுப் பாருங்கோ, உண்மையாப் புளிக்குதோ, எனக்குத்தான் அப்பிடியோ?" என்றாள். அவன் சாப்பிட்டான். "புளிக்குது," என்றான். அவள் அவனைக் கட்டிப்பிடித்து அழுதாள். உப்பு இன்னும் வரவில்லை, இனிப்பும் வரவில்லை. வரலாம் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவனும் அழுதான். ஆனால் அவள் கண் சுருங்கிய அந்த நொடியில் அவனுக்குள் முதலில் எழுந்தது, 'அப்பாடா, இனி என்னைக் கேட்கமாட்டாள்' என்ற நினைப்பு. மகிழ்ச்சி அதற்குப் பிறகுதான் வந்தது. அதை அவளிடம் சொல்லலாமா என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டு திரிந்தான். சொல்லவில்லை. மத்தியானம் சோற்றைப் போட்டுக்கொண்டு அவளுக்கு எதிரே கதிரையில் அமர்ந்தபோது, அவன் கண்ணை மூடவில்லை; அவள் ஊறுகாயைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.